சிறுவர் இல்லத்தில் ஒரு கிழமை நிற்க வருகிறவர்களுக்கு

“அக்கா, எங்கட சேர்ச்சிலயிருந்து ஒரு குழுவா வாறம். திருகோணமலையில ஒரு சிறுவர் இல்லத்தில பிள்ளையளோட ஒரு கிழமை நிக்கலாமோ?” கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் இப்படித் தொலைபேசி வருவது எனக்குப் பழகிவிட்டது. நான் இங்கே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் திருச்சபை நடத்தும் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்குப் போய் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஆங்கிலம் ஓரளவு கதைப்பேன் என்பதால், குழு வரும்போது மொழிபெயர்ப்பதும் ஒழுங்கு பார்ப்பதும் என் பொறுப்பாகிவிடும். புலம்பெயர்ந்த நம் ஆட்கள், அவுஸ்திரேலியர்கள், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று பலரோடு நின்றிருக்கிறேன். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிப்பதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

வரவேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் யாருக்கு உதவி செய்ய வருகிறீர்கள் என்பதை விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே யோசிக்கச் சொல்வேன். பிள்ளைகளோடு வருடம் முழுக்க நிற்கிறவர்களுக்குத் தோள் கொடுக்க வந்த குழுக்கள் போன பிறகும் இல்லத்தில் ஏதோ ஒன்று நன்றாக நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளோடு விளையாட மட்டும் வந்த குழுக்கள் போன பிறகு, மிஞ்சியது பெரும்பாலும் அழுகைதான்.

முதலில் அந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் தாய் தகப்பன் இல்லாதவர்களைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். இலங்கைச் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ, சில வேளை இருவருமே, உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் இல்லத்திலும் அப்படித்தான். ஒருத்தியின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், பார்க்க வேண்டிய அம்மம்மாவுக்கு இயலாது. இன்னொருத்தி தகப்பனின் அடிக்குத் தப்பி நீதிமன்ற உத்தரவோடு வந்தவள். வேறொருத்தியின் வீட்டிலிருந்து மேல்வகுப்பு உள்ள பாடசாலைக்குப் போக பஸ் வசதி இல்லை. இந்த மூன்று பேருக்கும் தேவையானது மூன்று வேறு வேறு உதவிகள். ஆனால் வந்து இறங்கும் குழுவின் கண்ணுக்கு மூவரும் ஒரே மாதிரித் தெரிகிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை மாமா, சித்தி, அம்மம்மா என்று உறவுக்காரர்தான் எடுத்து வளர்த்தார்கள். அப்படி வளர்ப்பவர்களை முறைப்படுத்த 2005இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. அது அடங்குவதற்குள் 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்தது. அந்த வருடங்களில் வெளிநாட்டு உதவி நிறையக் கட்டடமாக வந்தது. இல்லம் ஒன்றைக் கட்டிக் கட்டில் போட்டுவிட்டால், கஷ்டத்தில் இருக்கும் ஒரு தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடத்தான் செய்வார். படிப்புக்காகப் பிள்ளையை விடுதியில் விடுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியதே 1824இல். அதனால் அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று நேரச் சாப்பாடும் நல்ல பாடசாலையும் கிடைக்கும் என்றுதான் விட்டுவிட்டுப் போகிறார்.

இனி, இல்லத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் பொறுப்பாளரைப் பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். விடிய நாலரைக்கு எழும்பி, சமையல்கார அக்காவோடு புட்டு அவித்து, தலை பின்னிவிட்டு, சீருடை பார்த்து, ஒவ்வொருத்தியாகப் பாடசாலைக்கு அனுப்புவார். பின்னேரம் படிப்பு, குளிப்பு, செபம், சாப்பாடு. இரவில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறவரும் அவரே. அவருக்குத் துணை இன்னொரு பெண் மட்டும்தான். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பத்துப் பேர் வந்துபோகும் விமானச் செலவில் அவருக்குப் பல வருடச் சம்பளம் கொடுக்கலாம். குழுக்கள் அவரோடு வந்த நாளில் ஒரு படமும் போகிற நாளில் ஒரு படமும் எடுத்துக்கொள்வார்கள். இடையில் உள்ள நாட்களில் அவர் குழுவுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார்.

குழு வந்து இறங்கியதும் நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வான் கதவு திறந்ததுமே சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து நிமிடத்தில் மடியில் ஏறிவிடுவார்கள். “எவ்வளவு பாசம்!” என்று வந்தவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கும் கலங்கும், வேறு காரணத்துக்காக. வீட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். யாரிடமும் போய் ஒட்டிக்கொள்ளும் பழக்கம், நிலையான ஒரு ஆள் இல்லாமல் வளரும் பிள்ளைகளிடம் அதிகம் தெரிவது என்று குழந்தை மனநலம் படித்தவர்கள் சொல்கிறார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். அப்படிப் போனவர்கள், அதிலும் ஏறத்தாழ 2 வயதுக்கு முன்னர் போனவர்கள், ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்வதில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஒரு பிள்ளைக்கு வேண்டியது போகாமல் இருக்கிற ஆள். ஒரு கிழமையில் போகிறவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அந்த ஆளாக முடியாது.

குழு போன இரவுகளைப் பெரியம்மாதான் சமாளிக்க வேண்டும். நனையாமல் படுக்கப் பழகியவள் திரும்பவும் பாயை நனைப்பாள். இரண்டு பேர் ஒரு வளையலுக்காக முடியைப் பிடித்துக்கொள்வார்கள். பெரிய பிள்ளைகள் வேறு மாதிரி. அவர்கள் இரண்டாவது, மூன்றாவது குழுவோடேயே விலகிவிடுவார்கள். பத்தாம் தரத்தில் படித்த ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “மிஸ், இவையளின்ர பேரைப் பாடமாக்க வேணுமோ? போயிடுவினம்தானே.” நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இதில் செய்யக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. எந்த நாள் போகிறோம் என்பதை வந்த அன்றே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கலண்டரில் காட்டுங்கள். திரும்ப வருவேன் என்று சொல்லாதீர்கள், வருவது உறுதியாக இருந்தாலும் பெரியம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை அழுதால் நீங்கள் தூக்குவதைவிட, இல்லத்து அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பிள்ளையைத் தனியாக எங்கும் கூட்டிப் போகாதீர்கள், டச்பே கடற்கரைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுக்க என்றாலும் சரி. உங்கள் நாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழைக் கேட்காமலே கொண்டுவந்து கொடுங்கள். அதைக் கேட்காத இல்லம் என்றால் எனக்கு அந்த இல்லத்தைப் பற்றியே யோசனை வரும்.

ஓகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் கோடை விடுமுறை, எங்கள் கடலும் அப்போது அமைதியாக இருக்கும், நிலாவெளி நிரம்பி வழியும் காலம். அதனால் குழுக்களும் அப்போதுதான் வருகின்றன. எங்கள் பாடசாலைகளுக்கும் வழமையாக அந்த மாதத்தில் தவணை விடுமுறை வரும். வீட்டுக்குப் போகக்கூடிய பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் காலம் அது. சில பிள்ளைகளுக்கு வருடத்தில் அம்மாவோடு படுத்து நித்திரை கொள்ளக் கிடைக்கும் நாட்களே அவ்வளவுதான்.

நான் மொழிபெயர்க்கப் போயிருந்த வேறொரு இல்லத்தில் நடந்தது இது. சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிப்போக வந்து வேப்பமரத்தடியில் இருந்தார். விடிய முதல் பஸ்ஸில் வந்தவர். பதினொரு மணியாகியும் பிள்ளையை விடவில்லை. வெளிநாட்டுக் குழு பிள்ளைகளுக்கு நாடகமும் நடனமும் பழக்கிக்கொண்டிருந்தது, மேடையேற்றம் அந்தக் கிழமைக் கடைசியில். “புரோகிராம் முடிய வந்து கூட்டிக்கொண்டு போங்கோ” என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா வாதாடவில்லை. “மீன் வாங்கி வச்சிட்டு வந்தனான் மிஸ், பிள்ளைக்கு விருப்பம் எண்டு” என்று மட்டும் என்னிடம் சொன்னார். திரும்பப் போய் வர அவருக்கு இரண்டு நாள் கூலி போகும்.

நான் நேரே குழுத் தலைவரிடம் போனேன். அவர் வயதான அவுஸ்திரேலியப் போதகர். இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறார் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. கேட்டதும் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பிப் போய்த் தன் ஆட்களைக் கூட்டிக் கதைத்தார். நாடகத்தைக் கைவிட்டார்கள். வீட்டுக்குப் போகக்கூடிய எல்லாரையும் அனுப்பும்படி அலுவலகத்தில் அவரே கேட்டுக்கொண்டார், பஸ் காசையும் குழு கொடுத்தது. பிறகு பாதி வெறுமையான இல்லத்தில், போக இடமில்லாத பிள்ளைகளைப் பொறுப்பாளர் அக்கா பார்த்துக்கொள்ள, இவர்கள் துருப்பிடித்த கட்டில்களைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தார்கள், கிணறு இறைத்தார்கள், சமையலைத் தாங்களே எடுத்து சமையல்கார அக்காவை நாலு நாள் லீவில் அனுப்பினார்கள். நான் கண்ட குழுக்களில் மிக நல்ல வேலை செய்தது அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆகவே தேதி குறிப்பதற்கு முன்பு, அந்த நாட்களில் பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டியவர்கள் என்று இல்லத்திடம் கேளுங்கள்.

படம் எடுப்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. நீதிமன்ற உத்தரவோடு வந்த பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பது சிலருக்குத் தெரியவே கூடாது. பாடசாலைச் சீருடையும் பின்னால் கோவில் கோபுரமும் தெரியும் ஒரு படம் முகநூலில் போனால் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள். முகத்தை மறைத்துப் போட்டாலும் இந்தச் சின்ன ஊரில் ஆளை அடையாளம் தெரியும். உங்கள் சபையில் காட்டப் படம் வேண்டுமென்றால் நீங்கள் அடித்த சுவரைக் காட்டுங்கள், சமைத்த சமையலைக் காட்டுங்கள். சந்தேகப்படும்படி எதையாவது கண்டால், அது வந்தவர்களில் ஒருவர் செய்ததாக இருந்தாலும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

பரிசுகள் பற்றி இரண்டு வார்த்தை. பெட்டி நிறையச் சொக்லேட்டும் பொம்மையும் கொண்டுவர வேண்டாம். பெரியம்மாவிடம் கேட்டால் அவரிடம் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும்: உள்ளாடை, நாப்கின், வெள்ளைச் சப்பாத்து, கொப்பி, ஒருத்திக்குக் கண்ணாடி, இன்னொருத்திக்குப் பல் வைத்தியம். எல்லாவற்றையும் இங்கே மத்திய வீதிக் கடைகளிலேயே வாங்கலாம். வாங்கியதைப் பெரியம்மாவின் கையில் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அவர் கொடுக்கட்டும். தேவையானதைத் தருகிறவர் தங்களோடு இருக்கிறவர்தான் என்று பிள்ளைகள் அறிவது நல்லது.

விசுவாசத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். நானும் மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவள், இயேசுவை நேசிக்கிறவள். 1814இல் இந்தத் தீவில் வந்து இறங்கிய வெஸ்லியன் மிஷனரிகள் வழியாக வந்த சபை அது. எங்கள் இல்லத்தில் சைவப் பிள்ளைகளே அதிகம். ஒரு குழுக் கூட்டத்தில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டபோது எல்லாப் பிள்ளைகளும் உயர்த்தினார்கள். சாப்பாடும் பாயும் தருகிற இடத்தில், பெரியவர் ஒருவர் கேட்டால் பிள்ளை கையை உயர்த்தாமல் என்ன செய்யும்? அதை எண்ணி ஊருக்கு அறிக்கை அனுப்புவது பிள்ளைக்கும் நல்லதல்ல, சுவிசேஷத்துக்கும் மரியாதையல்ல. அந்தப் பிள்ளையின் தாய் பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு மகளைப் பார்க்க வருகிறவர். மகள் வேறு ஆளாகிவிட்டாள் என்று அவர் பயந்தால் வருவதைக் குறைத்துக்கொள்வார். கோணேசர் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிற ஊர் இது, இப்படியான செய்தி வேகமாகப் பரவிக் கசப்பாகும்.

குழுக்கள் அடிக்கடி சொல்லும் யாக்கோபு நிருபத்து வசனம், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சேர்த்து, அவர்களை விசாரிக்கச் சொல்கிறது. பிள்ளையோடு சேர்த்து அந்தத் தாயையும் விசாரிக்கச் சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது. இங்கே வரும் தாய்மாரில் போரிலும் கடலிலும் கணவனை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடிப் போன குழு ஒன்றைக்கூட நான் இன்னும் காணவில்லை.

சரி, நன்றாக நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்து வந்த ஒரு தாதி, பிள்ளைகளோடு விளையாடாமல், பெரியம்மாவுக்கும் துணைப் பெண்ணுக்கும் வலிப்பு வந்தால் என்ன செய்வது, மருந்துகளை எப்படிப் பதிந்து வைப்பது என்று பொறுமையாகப் பழக்கிவிட்டுப் போனார். அந்தப் பதிவுக் கொப்பி இன்றும் அலுமாரியில் தொங்குகிறது, ஒவ்வொரு நாளும் எழுதுகிறார்கள். நோர்வேயிலிருந்து வந்த எங்கள் ஊர் அண்ணா ஒருவர் மின்சாரம் தெரிந்தவர், இல்லத்தின் பழைய வயரிங் முழுவதையும் மாற்றினார். ரொறன்ரோவில் பல்கலைக்கழகம் படிக்கும் ஒரு பிள்ளை, போன பிறகும் சனி இரவுகளில் காணொளியில் பெரிய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறாள். பெரியம்மா அறையில் இருந்தால்தான் வகுப்பு, அது தொடக்கத்திலேயே பேசிக்கொண்டது. அந்த ஆங்கிலத்தால் பதினோராம் தரத்து ஓ.எல். பொதுப் பரீட்சையில் பிரயோசனம் இருந்தது. அதுவரை வந்த ஒவ்வொரு குழுவும் தலை, தோள், முழங்கால் பாட்டில் தொடங்கி அதிலேயே முடித்துக்கொண்டிருந்தது.

ஐ.நா. பொதுச்சபையும் 2019இல் நிறைவேற்றிய தீர்மானத்தில், சுற்றுலாவோடு சேர்ந்து வரும் சிறுவர் இல்லத் தொண்டு வேலை பிள்ளைகளைச் சுரண்டலுக்கு ஆளாக்கக்கூடும், அதைத் தடுக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே இல்லத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது நேரடியாகக் கேளுங்கள். பதிவு இருக்கிறதா? பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து பார்க்கிறாரா? எத்தனை பிள்ளைகள் இந்த வருடம் வீட்டுக்குத் திரும்பினார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும் இல்லத்துக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. விசாவையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கக் கூட்டம் வைத்தால் சிக்கல் வரும்.

காலநிலையைச் சொன்னால், மாசி பங்குனி நல்லது. ஐப்பசியிலிருந்து தை வரை மழை, நுளம்பு, டெங்குப் பயம். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடும் பருத்தி உடுப்புப் போதும்.

சில வருடங்களுக்கு முன்பு ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு குடும்பம், போகும் நாளில் பெரியம்மாவிடம் என்ன விட்டுப்போகட்டும் என்று கேட்டது. புதுச் சாப்பாட்டு மேசை கேட்பார் என்று நினைத்தேன். அவர் தாய் தகப்பன்மாருக்குப் பஸ் காசு கேட்டார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்துப் பயணம் எவ்வளவோ லேசு, ஆனாலும் கூலி வேலை செய்கிறவருக்கு மாதம் இரண்டு தடவை வந்துபோவது பெரிய செலவு. அன்றிலிருந்து அந்தக் குடும்பம் மாதா மாதம் அனுப்புகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது விறாந்தை நிறைய அம்மாமார் இருக்கிறார்கள். அடிக்கடி வந்து பிள்ளையோடு பழகியதால், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் சிலர் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு அம்மாவுக்குத் தையல் மெஷின் எடுத்துக் கொடுத்தோம், மகள் வீட்டிலிருந்தே சைக்கிளில் பாடசாலை போகிறாள். இந்த வருடம் அந்தப் பணத்தில் ஒரு பங்கை, வீட்டுக்குப் போன பிள்ளைகளின் ரியூசன் காசுக்கு ஒதுக்கச் சொல்லி ரொறன்ரோவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைப் பெரியம்மா போட்டுக்கொண்டிருக்கிறார், அடுத்த சனிக்கிழமை நானும் அவரோடு இருந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.